ஐந்து பூக்களைப் படம் எடுக்கப் போனோம்

மலைமேல் இருக்கும் அந்தத் தாவரவியல் தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வருகிற தோட்டக்காரர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

நான் அங்கே போனது ஒரே ஒரு செடியின் பூவைப் படம் எடுக்க. அப்போது முதுகலை தாவரவியல் இரண்டாம் ஆண்டு. மேகமலைச் சாலையோரத்து மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளைப் பட்டியலிடுவது என் ஆய்வேடு. பட்டியலில் பதினேழாவது செடியில்தான் சிக்கல். முதலாண்டில், ஒரு காற்று மழைக்கு மறுநாள், கொண்டை ஊசி வளைவில் முறிந்து கிடந்த கிளையில் அதை நானே கண்டெடுத்தேன். விரல் நீளத் தண்டு, நாலைந்து இலை. பார்த்ததுமே இன்ன செடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது மேகமலையில் இருப்பதாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் நம்பவில்லை.

“இலையப் பாத்து ஆர்க்கிட்டுக்குப் பேர் வைக்காதம்மா. பூவைக் காட்டு.”

கிளையோடு வீட்டுக்குத் தூக்கிவந்து வாசல் வேப்பமரத்தில் கட்டிவைத்தேன். ஒன்றரை வருடமாகத் தண்ணீர் தெளித்தும் அது பூக்கவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது பேராசிரியர் கூப்பிட்டார். மலைத் தோட்டத்தில் ஆர்க்கிட் காட்சி போட்டிருக்கிறார்கள், அதே இனம் அங்கே பூத்திருக்கிறதாம். இலை, தண்டு, பூவின் உதடு எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வந்தால் என் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்; இல்லையென்றால் பதினேழை அடித்துவிடச் சொன்னார். ஆர்க்கிட் பூவின் கீழே தொங்கும் இதழை உதடு என்போம். இனத்தைக் காட்டிக் கொடுப்பது அதுதான்.

பதினேழை அடிக்க எனக்கு மனமில்லை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கொடுப்பார்கள், அது எங்களுக்குப் போதாது. எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக ஒரு வருடம் உட்கார்ந்த ஆளே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய், மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதை ஒரு கோடு போட்டு அடிக்கச் சொன்னால் எப்படி?

செல்போன் படம் வேண்டாம் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் போனில் நெல்லிக்காயை எடுத்தால் பச்சைப் புகை மாதிரி வரும், அதனால் எனக்கும் மறுப்பில்லை. சின்னமனூரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோ அண்ணனிடம் கேட்டேன். தாலியையும் மருதாணிக் கையையும் கிட்டப் போய் எடுக்க அவரிடம் ஒரு லென்ஸ் இருந்தது. என் பூவின் உதடு ஒரு அரிசி அளவுதான். அதற்கு அந்த லென்ஸ் போதும்.

அவர் கேமராவைக் கொடுத்தார். மூன்று நிபந்தனைகளோடு.

“இதுல ஒரு கல்யாணம் இருக்கு பாப்பா. கம்ப்யூட்டரு ரிப்பேரு, இன்னும் இறக்கல. முகூர்த்தமே இதுலதான் இருக்கு. அழிஞ்சுச்சுன்னா ரெண்டு வீட்டுக்காரகளும் சேந்து என்னை இங்கனயே பொதச்சிருவாக.”

அதற்காகக் கேமராவின் அழிக்கிற பொத்தான்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார். கார்டில் மீதம் முப்பத்தெட்டு படத்துக்கு இடம். எடுத்தது எடுத்ததுதான், எதையும் அழிக்கக் கூடாது. இரண்டாவது, எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம் என்றார்.

“மொதல்ல ஒரு ஆள எடு. அப்புறம் பூவ எடு, புல்ல எடு, என்னத்தையும் எடு. ஆள் இல்லாமப் போணி பண்ணா மக்கர் பண்ணும்.”

“அது மெஷின்ணே. முன்னாடி ஆள் நிக்கிறாகளா செடி நிக்குதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

ஒளி லென்ஸ் வழியாக எப்படி உள்ளே போகிறது, உள்ளே அது என்ன ஆகிறது என்று அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கேமராவின் நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு என்பது நினைவு வந்ததும் ஒரு நொடி யோசித்தார். பிறகு, “கேமராவுக்குத்தான, ஒனக்கில்லல்ல” என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

என்னைத் தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை.

“அடுத்தவுக பொருளத் தூக்கிக்கிட்டு ஒத்தையாப் போறது நல்லால்ல ஆத்தா. நானும் வாரேன். கவாத்து முடிஞ்சிருச்சு, ரெண்டு நாளு சும்மாதான் இருக்கேன்.”

அம்மாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. கவாத்துக் கத்தரி பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் ஒரு மேடு உண்டு. கொடியை வெட்டிவிடுவது, வேண்டாத தளிரைக் கிள்ளுவது, பற்றிப் படரும் சுருள் கம்பிகளை ஒடிப்பது, காய்க்கொத்தில் நெருக்கத்தைக் குறைப்பது. காலை ஏழு மணியிலிருந்து பந்தலுக்குக் கீழே தலையை அண்ணாந்து நின்று இதையே செய்கிறாள். செய்து செய்து கை தனியாக யோசிக்கப் பழகிவிட்டது. ஒரு செடிக்கு முன்னால் அம்மா சும்மா நின்று நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், கை போய்ப் பழுத்த இலையை எடுத்துவிடும். பஸ் கெங்குவார்பட்டியில் ஐந்து நிமிடம் நின்றபோது இறங்கி, டீக்கடை முன்னால் தகர டின்னில் இருந்த குரோட்டன்ஸை நாலு கிள்ளு கிள்ளிவிட்டு வந்து ஏறினாள். டீக்கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை. நானும் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

தோட்டத்து வாசலில் போணி முடிந்தது. அம்மாவை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். ஆதார் எடுத்த அன்று சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு, என்னைத் தெரியாத ஆள் மாதிரி பார்த்தாள்.

“சிரிம்மா.”

“சிரிச்சா செல்லாதுன்னாகளே.”

ஆர்க்கிட் காட்சி ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்தது. வெளியே குளிர், உள்ளே சோறு வடிக்கிற அடுப்படி மாதிரி ஆவி. படிக்கட்டு போலத் தட்டுகள், தட்டு தட்டாகத் தொட்டிகள். தாம்பாளம் அளவு ஊதாப் பூக்களுக்கு முன்னால்தான் கூட்டம். என் செடி கடைசி மூலையில், பாசி சுற்றிய மரத்துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளத் தண்டு, நாலு இலை, நூல் மாதிரி ஒரு காம்பு, அதில் ஐந்து பூ. வெளிர் மஞ்சள். எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஒன்றரை வருடமாக வேப்பமரத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததை அது ஐந்து தடவை காட்டிக்கொண்டு நின்றது.

“அங்கன என்ன எழுதியிருக்கு?” என்று அம்மா பெயர்ப்பலகையைக் காட்டிக் கேட்டாள்.

பலகையில் இரண்டு வரி. மேல் வரியில் லத்தீன் பெயர். அதன் இரண்டாவது சொல்லைச் சரியாக உச்சரிக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை முழுதாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு குடும்பம், பேரினம், இனம் என்று தாவரங்களை எப்படிப் பிரிப்பார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினேன். கீழ் வரியில் “செடிகளைத் தொடாதீர்கள்” என்று இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் படிப்பு ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

கேமராவைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெளிக் குளிரிலிருந்து வந்த லென்ஸில் ஆவி படிந்திருந்தது. துடைத்தால் மறுபடி படிந்தது. கேமரா உள்ளே இருக்கும் சூட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும் என்று படித்திருந்தேன்.

“நீ இங்கனயே நில்லும்மா. நான் அந்தப் பக்கம் ரெண்டு படம் எடுத்துப் பழகிட்டு வாரேன்.”

“நில்லுங்குற. எம்புட்டு நேரம்?”

“ஒரு கால் மணி நேரம்.”

அம்மாவைக் கால் மணி நேரம் ஒரு செடிக்கு முன்னால் நிறுத்திவிட்டு நான் போனேன்.

போன இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை. ஆவி விலக விலகப் படம் தெளிந்தது. ஒரு பூவை நாலு கோணத்தில் எடுத்தேன், குனிந்து எடுத்தேன், மண்டியிட்டு எடுத்தேன். நடுவில் அம்மா பின்னால் வந்து என் தலையில் எதையோ சரிசெய்தாள். எங்கே போனாலும் என் முடி கலைந்திருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

“சும்மா இரும்மா, ஆடுது.”

“ஆடாத. இந்தா, முடிஞ்சிருச்சு.”

அதன் பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கணவரின் முழங்கையை இடித்தார். இரண்டு பெண்கள் எனக்குப் பின்னால் வந்து நின்று குசுகுசுவென்று பேசினார்கள். கேமராவைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் தனியாக, கையில் இவ்வளவு பெரிய கேமராவோடு, செடியின் பெயரை லத்தீனில் சொல்லிக்கொண்டு நின்றால் பார்க்கத்தானே செய்வார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கேரளாவிலிருந்து வந்த ஒரு பட்டாளம் நெருங்கியது. அவர்களில் மூத்தவர் கேட்டார்.

“மோளே, இது எவிடுந்நு கிட்டி?”

“சின்னமனூர்ல ஒரு ஸ்டுடியோவுல” என்றேன்.

“இவிடெ இல்லே?”

“இங்க கிடைக்காது. அங்க போய்க் கேட்டு வாங்கணும். தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பாக.”

அவர் ஏமாற்றத்தோடு தன் தலையைத் தடவிக்கொண்டு போனார். ஏன் தலையைத் தடவினார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மீதம் பன்னிரண்டு படம் என்று கேமரா காட்டியதும் பழகியது போதும் என்று மூலைக்குத் திரும்பினேன். அம்மா அங்கே இல்லை. பூவும் இல்லை. மரத்துண்டு இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, செடி இருந்தது. கவாத்து முடிந்த கொடி மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அடியில் பழுத்திருந்த ஒரு இலை இல்லை. காற்றில் தொங்கிய வேர்கள், தாடி மழித்த மாதிரி, ஒரே மட்டத்துக்கு நறுக்கப்பட்டிருந்தன. பூக்காம்பு இருந்த இடத்தில் நகத்தால் கிள்ளிய பச்சைத் தழும்பு.

அம்மா நாலு தட்டு தள்ளி, காக்கிச் சட்டை போட்ட ஒரு தோட்டக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தொட்டியைத் தூக்கிப் பிடிக்க, அம்மா இலையைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“மாவுப்பூச்சி தம்பி இது. பந்தல்ல இப்படித்தான் கணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இந்தத் துணியால தொடச்சு விடுங்க.”

“நீங்க சொல்லித்தான்க்கா பாக்குறேன். இம்புட்டு நாளு தூசின்னு இருந்துட்டேன்.”

அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து மார்க்கையன்கோட்டைக்காரர். அம்மா பழுத்த இலை எடுப்பதைப் பார்த்து, கீழே இருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆள் என்று நினைத்து, இன்னும் ரெண்டு தட்டு பாக்கி இருக்கு, அதையும் முடிச்சிருங்கக்கா என்று இவரே கூட்டிப்போயிருக்கிறார்.

“அம்மா, அந்த மூலைச் செடியில இருந்த பூ எங்க?”

“கிள்ளிட்டேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? இத்தினிக்காணு செடி அஞ்சு பூவச் சொமந்துக்கிட்டு நிக்கிது. சத்தெல்லாம் பூவுக்குப் போயிருச்சுன்னா செடி எப்படித் தேறும்? சின்னச் செடியில மொதப் பூவ விடக் கூடாது. நம்ம வீட்டுச் செடியிலயும் அப்படித்தான கிள்ளுறேன்.”

கேமராவைக் கீழே இறக்கினேன்.

“எந்த வீட்டுச் செடி?”

“நீ வேப்பமரத்துல கட்டிவச்சிருக்கியே, அது. இதுவும் அந்தச் செடிதான? ரெண்டு தடவ மொட்டு விட்டுச்சு. ரெண்டு தடவையும் கிள்ளி ஆட்டுக்குட்டிக்குப் போட்டேன். போன தடவ ஒண்ணு விரிஞ்சே போச்சு. அத மாதா கெபியில, செலை காலடியில வச்சேன்.”

ஒன்றரை வருடம் ஒரு மரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அது என் வாசலில் இரண்டு தடவை பூக்கப் பார்த்திருக்கிறது. அதன் பெயரைச் சரியாகச் சொன்ன நான் கல்லூரியில் இருந்த நேரத்தில், பெயர் தெரியாத அம்மா அதன் மொட்டைக் கிள்ளி ஆட்டுக்குட்டிக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு எதை நினைத்து அழுவது என்று தெரியவில்லை, அதனால் அழவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“செடிக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சேன். இதப் போயி என்னத்தச் சொல்ல?”

“கிள்ளுன பூ எங்கம்மா?”

அம்மா என் தலையைப் பார்த்தாள். தோட்டக்காரரும் பார்த்தார், பார்த்த இடத்திலேயே கவிழ்ந்திருந்த ஒரு தொட்டிமேல் உட்கார்ந்தார்.

“பூவத் தரையில போட முடியுமா? ஒன் தலைல வச்சேன்ல” என்றாள் அம்மா.

கையைப் பின்னால் கொண்டுபோனேன். இடது காதுக்குப் பின்னால், ஹேர்பின்னில் குத்தி, காம்பைப் பின்னலுக்குள் செருகி, குளிருக்குக் கழன்றுவிடாமல் இருக்க ஒரு கற்றை முடியால் கட்டியும் வைத்திருந்தாள். வைப்பதென்று வந்தால் அம்மா ஒப்புக்கு வைக்கமாட்டாள்.

தோட்டக்காரர் வாசலைப் பார்த்தார். “மூணு மணிக்கு எங்க ஆபீசர் மேடம் ரவுண்ட்ஸ் வருவாக. நாந்தாம்மா கூட்டிட்டுப் போயி எல்லாத் தட்டையும் காட்டுனேன். எஞ்சோலி போச்சு.”

பூவை உருவிப் பார்ப்போம் என்று அம்மா ஒன்றை மெல்ல இழுத்தாள். பூ வந்தது, உதடு வரவில்லை. உதடு இல்லாத ஆர்க்கிட் எனக்கு எதற்கும் உதவாது. மிச்சம் நாலு. வாடுவதற்கு முன்னால் அவற்றை இருக்கிற இடத்திலேயே, அதாவது என் தலையிலேயே எடுக்க வேண்டும். என் பின்தலையை நான் எடுக்க முடியாது. தோட்டக்காரர் கேமராவை வாங்க மறுத்தார். அவர் வாசலில் போய் நின்று மேடம் வருகிறார்களா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். மீதி இருந்தது அம்மா.

அம்மா அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. கழுத்தில் வாரை மாட்டிவிட்டேன். பிறகு பெரணிச் செடிகளைப் பார்த்துத் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தேன். என் ஆய்வேட்டின் பதினேழாவது செடி எனக்குப் பின்னால் இருந்தது. அதை நான் பார்க்கவே முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

“உள்ள ஒரு பச்சைக் கட்டம் தெரியுதா?”

“தெரியுது. அதுக்குள்ள ஒரு காது தெரியுது.”

“காது வேணாம். கொஞ்சம் வலது பக்கம் போ.”

“இப்ப சுவரு.”

“என் வலதும்மா.”

“ஒனக்கும் எனக்கும் வலது ஒரே பக்கந்தான் ஆத்தா, நீ அந்தப் பக்கந்தான திரும்பியிருக்க.”

அது சரிதான்.

“பூ வந்துருச்சு. மங்கலா இருக்கு.”

“மெல்ல முன்னால பின்னால போயிப் பாரு. தெளிவா வர்ற இடத்துல நில்லு. பூவோட உதடு தெரியணும். கீழ தொங்குற இதழு.”

“தெரியுது. கோடு கோடா இருக்கே, அதான?”

“அதான். மூச்ச அடக்கிட்டு மெல்ல அமுக்கு. ஒவ்வொண்ணா எடு. பன்னெண்டு படந்தான் இருக்கு.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. வளையல் நெற்றியிலிருந்து தோளுக்குப் போகும் சத்தம் எனக்குத் தெரியும். பிறகு அமுக்கினாள். கேமரா டகடகடகவென்று அடித்துத் தள்ளிவிட்டு நின்றது. தாலி கட்டுகிற நேரம் ஒரு நொடிகூடத் தப்பக் கூடாது என்று ஸ்டுடியோ அண்ணன், விரலை எடுக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்கும்படி அதை வைத்திருந்தார். அமைப்பை மாற்றாதே என்று சொன்னதால் நானும் பார்க்கவில்லை.

“என்னத்தா, பொரி பொரிஞ்ச மாதிரி அடிக்கிது?”

“விரல எடும்மா.”

“எடுத்துட்டேன். அதுவா நின்னுருச்சு.”

கார்டு நிறைந்துவிட்டது என்று திரை சொன்னது. பிளாஸ்திரியைப் பிய்த்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். எங்கேயோ இரண்டு குடும்பங்கள் முகூர்த்தப் படத்துக்காகக் காத்திருப்பது நினைவு வந்தது. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்தில் காது. இரண்டில் கண்ணாடிக் கூரை. நாலில் ஏதோ மஞ்சள் நகர்ந்து போயிருந்தது. ஒன்றே ஒன்று. அதில் பூவின் உதடு, கோடு, கோட்டின் ஓரத்து மயிர் எல்லாம் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று நின்றது. பக்கத்தில் ஹேர்பின் இருந்ததால் அளவும் கிடைத்தது. ஓரத்தில் கொஞ்சம் காது விழுந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் தோட்டக்காரர் இருமினார். அந்த இருமலில் இரண்டு நோயாளிகளின் கஷ்டம் இருந்தது. மேடம் உள்ளே வந்தார்கள். தட்டுகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்கள்.

“இன்னைக்குத்தான் சுத்தமா இருக்கு. தினம் இப்படி வச்சிருந்தா என்ன?” என்று தோட்டக்காரரைக் கேட்டார்கள். மூலையில் மொட்டையாக நின்ற செடியைப் பார்த்தார்கள். கடந்து போனார்கள். என் தலையைப் பார்த்ததும் நின்றார்கள்.

“பூ வச்சுட்டு உள்ள வரக் கூடாதும்மா. பூச்சி வந்துரும். வாசல் போர்டுல எழுதியிருக்கே, படிக்கலையா?”

எங்கள் வீட்டிலேயே படித்த ஆளைப் பார்த்து அப்படிக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

“வெளிப் பூ இல்லம்மா. இங்கன உள்ள பூதான். நாந்தான் கிள்ளி வச்சேன்.”

மேடம் சிரித்துவிட்டார்கள். “இங்க உள்ள பூவையெல்லாம் கிள்ள விடமாட்டோம்மா. ஆள் போட்டிருக்கு” என்று தோட்டக்காரரைக் காட்டினார்கள். அவர் தலையை ஆட்டினார். வெளியே குப்பைத்தொட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டு வா என்று என்னிடம் சொன்னார்கள். பூவைக் குப்பையில் போடக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால் எங்கள் இருவரையும் பூவோடு வெளியே அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்து தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தோட்டக்காரரைப் பற்றிய பேச்சே எடுக்காமல், நடந்ததையும் தவறு எங்களுடையதுதான் என்பதையும் இரண்டு பக்கத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பத்து நாளில் ஒரு அச்சடித்த அட்டை வந்தது. எங்கள் வருகைக்கும் மேலான கருத்துக்கும் நன்றி என்று இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். அந்தப் படம் இருந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாப் படங்களுக்கும் இதே கறுப்புத் துணியைப் பின்னால் வைத்திருக்கலாமே என்றார்.

பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். நான் செய்த வேலையில் பொய் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

“துணி இல்ல சார். முடி. என்னோடது.”

அவர் சட்டைப்பையிலிருந்து கைலென்ஸை எடுத்து மறுபடி பார்த்தார்.

“அப்ப இது?”

“காது சார்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பேனாவைத் திறந்து, இது தோட்டத்துச் செடியின் பூ, உன் செடியின் பூ எங்கே, அதை யார் பார்த்தது என்று கேட்டார். விதிப்படி சரியான கேள்வி. பேனா பதினேழுக்கு நேராக நின்றது.

“எங்கம்மா பாத்தாங்க சார்.”

“அவங்க என்ன படிச்சிருக்காங்க?”

“படிக்கல சார். திராட்சையில கவாத்து வேலை.”

அவர், அவங்களுக்குப் போன் போடு என்றார். போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். மறுமுனையில் கத்தரி சத்தம்.

“ஏத்தா, சோலியா இருக்கேன். பாஸா?”

“இன்னும் இல்லம்மா. சார் ஒண்ணு கேக்குறாக. பதில் சொல்லு.”

தேர்வாளர் குனிந்து, வீட்டுச் செடியில் பூ பார்த்தீர்களா, கீழே தொங்கும் இதழில் என்ன இருந்தது என்று கேட்டார்.

“கோடு இருந்துச்சுய்யா. ஊதாக் கோடு, மூணு. நடுக்கோடு மட்டும் கட்டையா, பாதியில நின்னுரும்.”

அவர் படத்தின்மேல் லென்ஸை வைத்தார். என் இடத்திலிருந்தே தெரிந்தது. மூன்று கோடு. நடுவில் இருந்தது பாதியில் நின்றிருந்தது. அதை நான் ஆய்வேட்டில் எழுதியிருக்கவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

“தோட்டத்துல நீங்க கிள்ளுனது இதே பூவா?”

“இதே பூதான். ஆனா அங்கன உள்ளது கலர் வெளுப்புய்யா, நெழல்லயே வச்சிருக்காக. நம்ம வீட்டுது நல்ல அழுத்தமா இருந்துச்சு. வேரு ஓரத்துல ஒரு செவப்பு ஓடும், அது ரெண்டுக்கும் உண்டு.”

“வேரைப் பாத்தீங்களா?”

“நறுக்குனேன்லய்யா.”

பேராசிரியர் முகத்தைக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டார். தேர்வாளர் ஏதோ எழுதினார். எழுதி முடிக்கும்வரை கத்தரி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை அணைக்க எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். பதினேழு அப்படியே இருந்தது. அதற்கு அடிக்குறிப்பாக, மலரை நேரில் கண்டவர் ஆய்வாளரின் தாயார் எனச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். திருத்தங்கள் என்ற கட்டத்தில் இன்னும் ஒரே ஒரு வரி: பக்கம் நாற்பத்தொன்றில் உள்ள காதை நீக்கவும்.

“பாஸும்மா” என்றேன் போனில்.

“சரி, இருக்கட்டும். அந்த ஐயாட்டச் சொல்லு, அடுத்து மொட்டு விட்டா கிள்ளமாட்டேன்னு. ஆனா செடி எளைச்சுப் போனா என்னையக் கேக்கக் கூடாது.”

தேர்வாளர் பேனாவை மூடிக்கொண்டே, “கேக்கமாட்டேன்மா” என்றார்.